சம்பந்திக்குக் களி

அத்தியாயம் பதினொன்று

ஐந்தாவது நாளாகத் தஸ்தகீர் கறிக்கடைக்குக் கிளம்பினார்.

வயர் கூடையை அவர் கையில் எடுத்த தோரணையைப் பார்த்தால் ஏதோ ஊர்ப் பொறுப்பு ஏற்கப் போகிறவர் என்றே தோன்றும். அடுப்படியில் நின்ற ஜெய்புன்னிசாவுக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றைக்கும் பிரியாணியா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டு என்ன ஆகப்போகிறது என்று வெங்காயக் கூடையை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை வந்து இறங்கிய சம்பந்தி வீட்டார் இன்னும் ஊர் திரும்பவில்லை என்ற இடத்தில்தானே போன வாரம் நிறுத்தினோம். இன்று திங்கட்கிழமை. நிலைமையில் மாற்றம் எதுவும் இல்லை.

புதிதாக இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலக்கோட்டுத் தக்காளி மார்க்கெட்டுக்கு லோடு வேன் ஓட்டுகிறவர் தஸ்தகீர். வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருப்பவள் அவர் மனைவி ஜெய்புன்னிசா. ஒரே மகள் சபீராவை மூன்று மாதத்துக்கு முன்னால்தான் வாணியம்பாடியில், சென்னையில் வேலை பார்க்கும் முனவ்வருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். சபீராவின் மாமனார் அப்துல் வாஹித்தும் மாமியார் பல்கீஸும் கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாகப் பெண் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

ஒரே ஒரு நாள் இருந்துவிட்டுப் போகத்தான் வந்தார்கள். அவர்கள் தூக்கி வந்த பையின் அளவே அதைச் சொன்னது. ஆனால் வாஹித் பழைய ஒழுக்கத்தில் வளர்ந்தவர். விருந்துக்குப் போன வீட்டிலிருந்து வீட்டுக்காரரின் உத்தரவு இல்லாமல் கிளம்பக் கூடாது என்பது அவருக்குச் சின்ன வயதிலேயே ஊறிப்போன விஷயம். தினமும் காலையில் டீ குடித்து முடித்ததும் உத்தரவு கேட்பார். தினமும் தஸ்தகீர் கையைப் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு எப்படிப் போவீர்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்பார்.

மனிதர் எப்போது கிளம்புவார் என்று இவரும் கேட்க முடியாது. எப்போது விடுவீர்கள் என்று அவரும் கேட்க முடியாது. இரண்டு நல்ல மனிதர்கள் ஒருவரை ஒருவர் மரியாதையால் கட்டிப்போட்டுவிட்டு, அவிழ்க்கத் தெரியாமல் நான்கு நாளாக முழித்துக்கொண்டிருந்தார்கள்.

தஸ்தகீரையும் ஒரேயடியாகக் குறை சொல்ல முடியாது. கல்யாணத்தில் அந்த வீட்டார் நடந்துகொண்ட விதம் அப்படி. கைக்கூலி, வரதட்சணை என்ற பேச்சே அவர்கள் வாயில் வரவில்லை. பள்ளிவாசலில் நிக்காஹ், மாப்பிள்ளை தர வேண்டிய மஹர் சபீராவின் கையில், வந்தவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. அவ்வளவுதான் கல்யாணம். அப்படிப்பட்டவர்கள் நம் வீட்டு வாசற்படி மிதித்திருக்கிறார்கள் என்றால் அவர்களை எப்படித் தாங்க வேண்டும் என்று தஸ்தகீர் நினைத்தார். நினைப்பதில் தப்பில்லை. தாங்கிய விதத்தில்தான் கோளாறு.

முதல் வேலையாக அவர் களிப் பானையை ஒளித்தார். இந்த வீட்டில் மதியம் என்றால் களிதான். கேழ்வரகுக் களியும் ஏதாவது ஒரு கடைசலும் இல்லாவிட்டால் தஸ்தகீருக்கே சாப்பிட்ட மாதிரி இருக்காது. சம்பந்திக்கு மட்டும் அது தெரியக் கூடாதாம். அதனால் முன்னறையில் விருந்தாளிக்குப் பக்கத்தில் பேருக்கு ஒரு கை பிரியாணியைத் தொட்டுவிட்டு எழுந்து வருவார். பிறகு அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு மனைவியோடு உட்கார்ந்து களியை விழுங்குவார். சொந்த வீட்டில் சொந்தச் சோற்றைத் திருட்டுத்தனமாகத் தின்ற மனிதர் தர்மபுரி மாவட்டத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

இரண்டாவது வேலையாக அவர் மறைத்தது தையல் மிஷினை. அது முன்னறையில் ஜன்னலோரம் இருந்தது. அந்த அறைதான் விருந்தாளிகளுக்கு. பூப்போட்ட பெட்ஷீட் ஒன்றை மிஷின் மேல் போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சாடியையும் வைத்துவிட்டார். சம்பந்தி முன்னால் நீ ஊரார் துணியைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று வியாழக்கிழமையே சொல்லிவிட்டார். ஒரு நாள்தானே என்று ஜெய்புன்னும் தலையாட்டிவிட்டாள்.

அந்த ஒரு நாள் ஐந்தாகிவிட்டது. வெட்டி வைத்த ஒன்பது யூனிபார்ம் கவுன்கள் பீரோவுக்குள் மூட்டையாகக் கிடந்தன.

காலை எட்டு மணிக்கெல்லாம் லூர்துமேரி டீச்சர் போன் செய்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நர்சரிப் பள்ளி நடத்துகிறவர் அவர். புதன்கிழமை பள்ளி திறக்கிறது. நாளைக் காலையில் துணி கைக்கு வந்தால்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியும் என்றார். வந்துவிடும் டீச்சர் என்று ஜெய்புன் சொன்னாள்.  இந்த வருடம் சில பெற்றோர் தர்மபுரியில் ரெடிமேடாக வாங்கிவிடலாம் என்று சொன்னதும், டீச்சர் அதற்கு ஒத்துக்கொள்ளாததும் அவளுக்குத் தெரியும். ஜெய்புன் ஒரு நாள் சொன்னால் அந்த நாளில் துணி வரும் என்று டீச்சர் அவர்களிடம் சொன்னாராம். ஐந்து வருடமாக அந்த வார்த்தையை அவள் காப்பாற்றி வந்திருக்கிறாள். அது போனால் அவளிடம் பெருமைப்பட வேறு என்ன இருக்கிறது?

போனை வைத்த அதே நேரம் முன்னறையில் வாஹித் இருமினார்.

சாதாரண இருமல்தான். ஆனால் அதைக் கேட்டதும் அவளுக்குள் ஒரு எரிச்சல் சுருக்கென்று வந்தது. இந்த மனிதர் எப்போதுதான் கிளம்புவாரோ என்று மனசு சொன்னது. சொன்ன பிறகுதான் தான் என்ன நினைத்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. தன் மகளை மகளாக ஏற்றுக்கொண்ட மனிதர். அவர் இருமலைக்கூடப் பொறுக்க முடியாத அளவுக்கு வந்துவிட்டதா? அவளுக்குப் பயமாக இருந்தது.

வயர் கூடையோடு வேனருகே போய்விட்ட கணவனை அவள் கூப்பிட்டு நிறுத்தினாள். வேன் வியாழக்கிழமையிலிருந்து நின்ற இடத்திலேயே நின்றது. வாடிக்கையான காரிமங்கலத்து லோடை வேறு வழியில்லாமல் மார்க்கெட்டில் இன்னொரு வேன் ஓட்டும் வீரமணி ஓட்டிக்கொண்டிருந்தான்.

"ஏங்க, இன்னைக்கு வூட்ல இருக்கிறத ஆக்கிப் போடட்டுங்களா?" என்றாள்.

"என்ன இருக்குது வூட்ல?"

"களிதான்."

தஸ்தகீர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். சம்பந்திக்குக் களியா என்றுகூட அவர் கேட்கவில்லை. அந்தப் பார்வையே கேட்டது.

ஜெய்புன் குரலைத் தாழ்த்தி, பெண்கள் மதரஸாவில் ரமலானுக்கு முன்னால் கேட்ட பயானை, அந்த மார்க்கச் சொற்பொழிவை நினைவூட்டினாள். விருந்தாளிக்கு ஒரு பகலும் இரவும் சிறப்பாகச் செய்ய வேண்டும், விருந்து என்பது மூன்று நாள், அதற்கு மேல் செய்வது தர்மக் கணக்கில் சேரும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? வீட்டுக்காரரை நெருக்கடியில் தள்ளும் அளவுக்கு விருந்தாளி தங்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்களே.

"அப்ப அவுங்களப் போவச் சொல்றியா?" என்றார் தஸ்தகீர். குரலில் நிஜமாகவே வலி இருந்தது.

"அல்லாவே, நான் போவச் சொல்லலீங்க. ஒரு மாசம் வேணும்னாலும் இருக்கட்டும். இல்லாததக் கொண்டாந்து போடறது வேணாம்ங்கறேன். சக்திக்கு மீறி இழுத்துப் போட்டுக்கிட்டா வந்தவங்க மேலயே வெறுப்பு வந்துரும்னு பயான்ல அஸ்ரத்து சொன்னாரு. எனக்கு வந்துருச்சுங்க. இப்பத்தான், அவரு இருமுனப்போ."

அவள் கண் கலங்கியதைத் தஸ்தகீர் பார்த்தார். பார்க்காத மாதிரி வேன் கண்ணாடியைத் துடைத்தார். இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்ததும் அதே ஒரு நாளைத்தான்.

ஜெய்புன் உள்ளே திரும்பியபோது கொல்லைப்புறக் குழாயடியில் வாஹித் நின்றிருந்தார். இவளைக் கவனிக்காமல் இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் கொட்டி அவசரமாகத் தண்ணீர் குடித்து விழுங்கினார். ஒன்று சர்க்கரைக்கு. மற்றது நெஞ்செரிச்சலுக்கு. அந்த அட்டையை அவளுக்குத் தெரியும். நெய்யும் கறியுமாக நான்கு நாளாகத் தட்டில் வைத்ததையெல்லாம் முகம் கோணாமல் சாப்பிட்ட மனிதர், இப்படி ஒளிந்து மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். களியை ஒளித்தவர்கள் அடுப்படியில், மாத்திரையை ஒளித்தவர் குழாயடியில். நல்ல விருந்து.

பல்கீஸ் அடுப்படி வாசலில் வந்து நின்றார். மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடித்துவிட்டு வந்திருப்பார் போலிருக்கிறது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அவர் கைகள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன. ஏதாவது வேலை கொடுங்கள் சம்பந்தியம்மா என்று நாலாவது முறையாகக் கேட்டார். நாலாவது முறையாக ஜெய்புன், நீங்கள் உட்காருங்கள் என்று சொல்லி நாற்காலியைக் காட்டினாள்.

சொல்லிவிட்டுத்தான் அந்தக் கையைப் பார்த்தாள். வலது ஆள்காட்டி விரல் நுனியில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. அதே இடத்தில் தன் விரலிலும் ஒரு காய்ப்பு உண்டு. ஊசி பிடிக்கிற விரலுக்குத்தான் அது வரும். நான்கு நாளாக இந்த விரல் தன் கண்ணில் எப்படிப் படாமல் போனது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. விருந்து வைப்பதிலேயே குறியாக இருந்தால் விருந்தாளியைப் பார்க்க நேரம் ஏது?

அப்போதே அவள் முடிவு செய்துவிட்டாள்.

தஸ்தகீர் கறியோடு வந்தபோது கூடையை வாங்கிக்கொண்டு, நேரமாகிவிட்டது, சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு மதிய லுஹர் தொழப் போங்கள் என்றாள். அவளுடைய சாதுவான குரலை நம்பி அவரும் போனார். கறி பிரிட்ஜுக்குள் போனது. பானை அடுப்பில் ஏறியது.

நொய் வெந்து குழைந்ததும் மாவைக் கொட்டி, துடுப்பால் கிண்ட ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் கிண்டிய வேகம் வேறு. ஒரு கட்டி கூட விழக் கூடாது என்று பானையைத் தரையில் இறக்கிக் காலால் அணைத்துப் பிடித்துக்கொண்டு, நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்தபடி கிண்டினாள். இன்னொரு அடுப்பில் தக்காளி வெந்தது. பாலக்கோட்டுத் தக்காளி, நேற்று மார்க்கெட்டிலிருந்து வீரமணி கொண்டுவந்து கொடுத்தது. பச்சை மிளகாயும் பூண்டும் போட்டுக் கடைந்தாள். சிறுகீரையைத் தனியாகக் கடைந்தாள். தட்டில் தண்ணீர் தொட்டு உருண்டை பிடித்தாள்.

தொழுதுவிட்டு வந்த இரண்டு பேரும் முன்னறையில் விரிப்பில் உட்கார்ந்தார்கள். பல்கீஸ் சுவரோரம் நின்றார். ஜெய்புன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு மூடிய பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். தஸ்தகீர் பெருமையோடு மூடியைத் திறந்தார்.

ஆவி பறக்க நான்கு களி உருண்டைகள் இருந்தன.

தஸ்தகீர் மூடியைக் கையில் பிடித்தபடியே இருந்தார். திரும்ப மூடிவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கலாம். அவர் முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. வாஹித் பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு தஸ்தகீரைப் பார்த்தார். 

ஜெய்புன்தான் பேசினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மொத நாளு மனசாரத்தான் பிரியாணி பண்ணேன். ரெண்டாவது நாளும் மனசாரத்தான். இன்னைக்கும் பண்ணியிருந்தா கடமைக்குப் பண்ணியிருப்பேன். அத உங்க தட்டுல வெக்க எனக்கு மனசு வரல. இது நாங்க தெனமும் சாப்பிடறது. இத மனசாரக் கிண்டியிருக்கேன்."

இவ்வளவு பேச்சை அவள் வெளியாள் முன்னால் பேசியதே இல்லை. பேசி முடித்தபோது தலை நிமிர்ந்தே இருந்தது. குனிய வேண்டிய காரணம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

வாஹித் எழுந்தார். தஸ்தகீருக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் நேராகக் குழாயடிக்குப் போய் கையை இன்னொரு முறை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பிஸ்மில்லா சொன்னார். ஒரு விள்ளல் கிள்ளி, கட்டைவிரலால் நடுவில் குழி செய்து, கடைசலை அள்ளி, மெல்லாமல் அப்படியே விழுங்கினார். களியை மெல்லக் கூடாது என்று ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

முதல் உருண்டையை முடித்தார். இரண்டாவதை அவரே எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.

"எங்கம்மா பொறந்த ஊரு ஊத்தங்கரை பக்கம்" என்றார். "களி தின்னு வளந்த ஒடம்புங்க இது. நாலு நாளா இந்த வாசன எனக்கு வந்துகிட்டே இருக்குது. உள்ள கதவச் சாத்திக்கிட்டு நீங்க களி சாப்பிடறீங்க, எனக்கு மட்டும் பிரியாணி வெக்கறீங்க. நம்மள இன்னும் வெளியாளாத்தான் வெச்சிருக்காங்களேன்னு ராத்திரியெல்லாம் இவகிட்டப் பொலம்புனேன்."

தஸ்தகீருக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை. அவர் ஊரையே கூட்டி உபசரித்ததாக நினைத்துக்கொண்டிருந்தார். விருந்தாளியோ வாசலில் நிறுத்தி வைக்கப்பட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் ஒரு உருண்ட வைம்மா" என்றார் மனைவியிடம்.  ஐந்து நாளில் முதல் முறையாக அவர் சம்பந்தியோடு சேர்ந்து வயிறாரச் சாப்பிட்டார். பல்கீஸும் ஜெய்புன்னும் அடுப்படியில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கதவு திறந்தே கிடந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தபோதுதான் வாஹித் விஷயத்துக்கு வந்தார்.

அவர் சும்மா பார்த்துவிட்டுப் போக வரவில்லை. ஒன்று கேட்க வந்தார். கேட்கலாம் என்று வாயைத் திறக்கும்போதெல்லாம் சம்பந்தி ஒரு துண்டுக் கறியைத் தட்டில் வைத்துவிட்டால் அவர் என்னதான் செய்வார்? சபீரா கல்யாணத்துக்கு முன்னால் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் முடித்தவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாணியம்பாடியிலிருந்து ஓசூர் தினமும் போய் வருகிற தூரமில்லை. பாலக்கோட்டிலிருந்து என்றால் காலையில் ரயில் இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் அவள் அம்மா வீட்டில் இருந்து போய் வரலாமா என்பதுதான் கேள்வி.

"கேக்கலாம்னுதான் வந்தோம்" என்றார் வாஹித். "வந்து பாத்தா வூட்ல தெனம் பிரியாணி. சம்பந்தியம்மா ஒரு வேலைக்கும் போன மாதிரி தெரியல. இது பொம்பளைங்கள வேலைக்கு அனுப்பாத வூடுன்னு நெனச்சிட்டோம். இந்த வூட்டுப் பொண்ண வேலைக்கு அனுப்பறோம்னு சொன்னா உங்களுக்குக் கவுரவக் குறைச்சலாயிரும்னு, வாயத் தொறக்காம போயி சபீராகிட்ட வேணாம்னு சொல்லிடலாம்னு முடிவே பண்ணிட்டோம்."

ஜெய்புன் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றாள். ஒரு பெட்ஷீட்டும் ஒரு பூச்சாடியும் தன் மகளின் ஆசை மேல் எங்கே போய் உட்கார இருந்தன என்பதை நினைக்கவே முடியவில்லை. அவள் கணவனைப் பார்த்தாள்.  அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

தஸ்தகீர் மெதுவாக எழுந்தார். ஜன்னலோரம் போனார். பூச்சாடியை எடுத்துக் கீழே வைத்தார். பெட்ஷீட்டை உருவினார். கறுப்பு மிஷின் வெளிச்சத்தில் பளபளத்தது.

"இது என் வூட்டுக்காரி தொழிலுங்க" என்றார். "இவ தெச்சதுலதான் சபீரா பாலிடெக்னிக் முடிச்சா. நான் ஓட்டுன வேனுல இல்ல. இந்த ஊர்ல பாதிப் புள்ளைங்க இவ தெச்ச துணியப் போட்டுக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவுது. அத உங்ககிட்ட மொத நாளே பெருமையாச் சொல்லியிருக்கணும். எனக்குப் புத்தி இல்லாமப் போச்சு."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் தஸ்தகீர் இப்படி ஒரு வார்த்தையை யாரிடமும் சொன்னதில்லை. ஜெய்புன் முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்று நினைத்தாள். கொஞ்சம் அழவும் செய்தாள். அவளுக்கு அன்றைக்கு இருந்த பெருமைக்கு அது போதவில்லை.

"பொண்ணு இங்க வந்து இருக்கிறதுக்கு என்னங்க உத்தரவு?" என்று தஸ்தகீர் தொடர்ந்தார். "விருந்தாளிக்குத்தான் மூணு நாளு. மகளுக்கு ஏது நாள் கணக்கு?"

பல்கீஸ் இதையெல்லாம் காதில் வாங்கினாரா என்பது சந்தேகம். மிஷினைக் கண்டதும் அவர் கால் அங்கே போய்விட்டது. தட்டைத் தடவினார், சக்கரத்தை லேசாகச் சுற்றிப் பார்த்தார்.

"பதினெட்டு வருசம் ஷூ கம்பெனியில மேல்தோல் தெச்சேன் சம்பந்தியம்மா" என்றார். "நாலு நாளா போர்வையத் தூக்கிப் பாக்கறதும் மூடறதுமா இருக்கேன், சும்மா கெடக்குற மிஷின்னு நெனச்சேன். என்ன இருக்குது தெக்கறதுக்கு?"

பீரோவிலிருந்து மூட்டை வெளியே வந்தது. விருந்தாளிக்கு வேலை கொடுப்பதா என்று ஜெய்புன் ஒரு நிமிஷம் தயங்கினாள். அந்தக் காய்ப்பு விழுந்த விரலை நினைத்துக்கொண்டாள். வேலை கேட்கிற கையை உட்கார்த்தி வைப்பது உபசாரமாகாது என்று பட்டது. மிஷினில் ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் தரையில் உட்கார்ந்து பொத்தான் தைத்தார். வாஹித் கண்ணாடி போட்டுக்கொண்டு நூல் பிசிறுகளை வெட்டினார். தஸ்தகீர் டீ போட்டார். டீ சுமார்தான்.

மாலை அஸர் தொழுகைக்குள் ஒன்பதில் ஐந்து கவுன்கள் மடித்து வைக்கப்பட்டுவிட்டன.

வாஹித் தொழுதுவிட்டு வந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். வழக்கமான இடத்தில், வழக்கமான குரலில், "உத்தரவு குடுங்க சம்பந்தி" என்றார்.

தஸ்தகீரின் வாய் பழக்கதோஷத்தில் 'இன்னைக்கு எப்படிங்க' என்று ஆரம்பித்தது. பாதியில் நிறுத்தினார். விருந்தாளியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்க சம்பந்தி. அடுத்த வாட்டி வரும்போது களிதான்."

வாஹித்தின் முகத்தில் அப்படி ஒரு விடுதலை வந்தது. பல்கீஸ் கேட்டு வாங்கிக்கொண்ட கேழ்வரகு மாவுப் பொட்டலத்தைப் பையில் திணித்தார். கிளம்பும்போது ஜெய்புன்னை வாசல் மறைவுக்கு இழுத்துக் காதோடு சொன்னார்.

"முனவ்வருக்கு இந்த வேலை விசயம் தெரியாது சம்பந்தியம்மா. சபீரா எங்ககிட்ட மட்டுந்தான் சொன்னா. அவன் சென்னையில இருந்து வந்தா எப்படி எடுத்துப்பான்னு எங்களுக்கே புரியல. நீங்க பேசுனா கேப்பான்."

ஜெய்புன் பதில் சொல்வதற்குள் தஸ்தகீர் வேனை ஸ்டார்ட் செய்துவிட்டார். ஐந்து நாளாக நின்ற வேன் புகையைக் கக்கிக்கொண்டு சம்பந்திகளை பஸ் ஸ்டாண்டுக்கு ஏற்றிச் சென்றது.

அவர் திரும்பி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. முனவ்வருக்கு விஷயம் தெரியாது என்பதை வழியில் வாஹித் அவரிடமும் சொல்லியிருந்தார். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது கவுன். மிஷின் தட்டின் ஓரத்தில் வைத்திருந்த ஜெய்புன்னின் போன் அதிர்ந்தது. தஸ்தகீர் எட்டிப் பார்த்தார். திரையில் 'முனவ்வர் மாப்பிள்ளை' என்று இருந்தது.

"மாப்பிள்ள கூப்பிடறாரு" என்றார் பதறிப்போய். "சீக்கிரம் எடு. சபீரா சொல்லிட்டா போலிருக்குது. என்ன கோவத்துல இருக்காரோ."

ஜெய்புன் நிமிரவில்லை. கவுனின் அடிமடிப்பு பாதியில் இருந்தது. அதை விட்டால் தையல் கோணிவிடும், லூர்துமேரி டீச்சருக்குக் கோணல் தையல் பிடிக்காது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவள் மடிப்பை அந்தக் கோடி வரைக்கும் நேராக ஓட்டினாள். நூலை வெட்டினாள். கவுனை உதறி வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துத் திருப்தியோடு மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு போனை எடுத்தாள்.

"சொல்லுங்க மாப்பிள்ள. தெச்சிக்கிட்டிருந்தேன், அதான் லேட்டு" என்றாள்.